இருநூற்று முப்பது என்று எழுதிவைத்தவள்

மின்சார வேலையில் கம்பி கொடுக்கும் அதிர்ச்சிக்குக் கையுறை விற்கிறார்கள். வாடிக்கையாளர் கொடுக்கும் அதிர்ச்சிக்கு இன்னும் எந்தக் கடையிலும் எதுவும் வரவில்லை.

மூன்று வருடம் மின்பொறியியல் படித்துவிட்டு, பதினான்கு வாரம் 'தொழில் பயிற்சி' என்று ஏதோ ஒரு கடைக்கு நேர்ந்துவிடப்பட்ட என் சக பாவிகளே, இதை உங்களுக்குத்தான் எழுதுகிறேன். எனக்குக் கிடைத்தது கிள்ளானில், லிட்டில் இந்தியாவுக்குப் பின்தெருவில், ஒயரிங் வேலை எடுத்துச் செய்யும் ஒரு சின்னக் கடை. ஒரு முதலாளி, ஒரு கவுண்டர், ஒரு வேன், அந்த வேனை ஓட்டும் வாசு அண்ணன். அவர் இருபது வருட ஒயர்மேன். முதல் நாளே என்னை 'எஞ்சினியர்' என்று கூப்பிட ஆரம்பித்தார். மரியாதைக்கு என்று நினைத்துவிடாதீர்கள்.

வேலை என்னவோ எளிதுதான். வோல்டேஜை அளக்க வேண்டும், கரண்டை அளக்க வேண்டும். இரண்டையும் பெருக்கினால் பவர். வோல்டேஜைக் கரண்டால் வகுத்தால் ரெசிஸ்டன்ஸ். பள்ளியில் படிவம் நான்கில் படித்ததுதான். ஆனால் ஓர் உண்மையை ஒத்துக்கொள்கிறேன்: மூன்று வருடத்தில் நான் எதையும் அளந்ததே இல்லை. என் லேப் ஜோடி லோகன் மீட்டரைப் பிடிப்பான், எண்ணைச் சொல்வான். நான் எழுதுவேன், கணக்குப் போடுவேன், பிறகு அதைப் பற்றி அவனோடு சண்டை போடுவேன். அப்படியே மூன்று வருடம் ஓடியது. இப்போது அவன் காப்பார் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் மில்லில் பயிற்சி எடுக்கிறான். கிள்ளானிலிருந்து மோட்டார் சைக்கிளில் அரை மணி நேரம். நான் கடையில் சேர்ந்த அன்று, அவன் என்னோடு பேசி ஐந்து வாரம் ஆகியிருந்தது. தப்பு அவன்மேல்தான் என்று மனசுக்குள் நிரூபித்துக்கொண்டே, அவன் ஒரு வார்த்தை பேசமாட்டானா என்று ஏங்கிக்கொண்டிருந்தேன். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முடியும். செய்து பார்த்தவள் சொல்கிறேன்.

கரண்ட் எடுக்காத பாய்லர்

முதல் வேலை பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. டீக்குத் தண்ணீர் கொதிக்கும் பெரிய பாய்லர் அடிக்கடி ட்ரிப் ஆகி அணைந்துவிடுகிறதாம். வாசு அண்ணன் கிளாம்ப் மீட்டரை என் கையில் கொடுத்தார். நண்டுக் கொடுக்கு மாதிரி வாய் திறக்கும். ஒயரைச் சுற்றிக் கவ்வினால் உள்ளே ஓடும் கரண்டைச் சொல்லும். நான் பாய்லரின் தடித்த கேபிளை அப்படியே கவ்வினேன். பூஜ்யம். திருகைத் திருப்பி மறுபடி கவ்வினேன். அப்போதும் பூஜ்யம். கடைக்காரர் தோளில் துண்டோடு வந்து நின்றார். "என்னம்மா சொல்லுது?" "இது கரண்டே எடுக்கல அங்கிள்" என்றேன், மூன்று வருடப் படிப்பின் முழு அதிகாரத்தோடு.

உங்களில் யாராவது இதே தப்பைச் செய்திருந்தால் தயவுசெய்து கையைத் தூக்குங்கள், எனக்குத் துணை வேண்டும். ஒரு கேபிளுக்குள் போகிற கம்பியும் இருக்கிறது, வருகிற கம்பியும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துக் கவ்வினால் ஒன்றை ஒன்று அழித்துவிடும். ஒற்றைக் கம்பியைப் பிரித்துக் கவ்வ வேண்டும். புத்தகத்தில் இது இருக்கிறது. என் கையில்தான் இல்லை. லேபில் லோகன் ஒவ்வொரு முறையும் ஒரு கம்பியை மட்டும் விரலால் மெல்ல விலக்கிவைப்பான். சும்மா இருக்க முடியாமல் நோண்டுகிறான் என்று மூன்று வருடமாக நினைத்திருக்கிறேன். அவனிடம் இதைச் சொல்ல வேண்டும் போலிருந்தது. சொல்ல வழியில்லை. பின்னால் பாய்லர் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. கடைக்காரர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "கரண்டே எடுக்காமத் தண்ணி கொதிக்குதா? அப்ப அதுக்கு ஒரு சூடம் காட்டிட்டுப் போம்மா" என்றார்.

நான் செய்த உதவி

லோகன் கதையை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் வேறு என்னென்னவோ கற்பனை செய்துகொள்வீர்கள். கடைசி லேப். ஆயிரம் வாட் ஹீட்டர் ஒன்று. அவன் அளந்து சொன்னான்: இருநூற்றுப் பத்தொன்பது வோல்ட், நாலு புள்ளி ஒன்று நாலு ஆம்பியர். நான் எழுதிக்கொண்டேன். அன்று மாலை ரிப்போர்ட்டை டைப் செய்யும்போது யோசித்தேன். நாடு முழுக்க சப்ளை இருநூற்று முப்பது வோல்ட். லேப் சுவரிலேயே எழுதி ஒட்டியிருக்கிறது. இவன் அவசரத்தில் தப்பாகப் படித்துவிட்டான், பாவம். 219ஐ அழித்து 230 என்று போட்டேன். அவனிடம் கேட்கவில்லை. உதவி செய்வதற்கு யாராவது அனுமதி கேட்பார்களா?

விரிவுரையாளர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். 230ஐ 4.14ஆல் வகுத்தால் ஐம்பத்தைந்தரை ஓம் வருகிறது. ஹீட்டரின் உண்மையான ரெசிஸ்டன்ஸ் ஐம்பத்துமூன்று. "எந்த மீட்டரில் 230 காட்டியது?" என்றார். லோகன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் "சப்ளை 230 தானே சார்" என்று ஆரம்பித்து, அளவுப் பிழை, மீட்டர் பிழை, மனிதப் பிழை என்று ஐந்து நிமிடம் வாதாடினேன். நாங்கள் எதையும் அளக்காமல் எண்களை இட்டுக்கட்டியதாக அவர் முடிவு செய்தார். லோகன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. வெளியே வராந்தாவில் வைத்துத்தான் பேசினான். குரலைக்கூட உயர்த்தவில்லை. "சுவத்துல ஒட்டியிருந்தத நம்புன. நான் கண்ணால பாத்துச் சொன்னத நம்பல" என்றான்.

முப்பத்திரண்டு

லோகன் சொன்னதற்கு நான் வாட்ஸ்அப்பில் அனுப்பிய மறுப்பு மூன்று திரை நீளம். நீல டிக் விழுந்தது. பதில் வரவில்லை. அதனால் சேர்த்துவைத்த வாதமெல்லாம் கடைக் கவுண்டருக்கு வருபவர்கள் மேல் கொட்டியது. ஒரு காலை, மெக்கானிக் கடை நடத்தும் அண்ணன் ஒருவர் வந்தார். இருபது ஆம்பியர் பிரேக்கர் விழுந்துகொண்டே இருக்கிறதாம், முப்பத்திரண்டு போட வேண்டுமாம். நான் அவரை உட்காரவைத்தேன். பிரேக்கர் விழுவது நோயல்ல, காய்ச்சல் என்று சொல்லும் தெர்மாமீட்டர் என்றேன். உங்கள் கம்பி தாங்குவது இருபதுதான், முப்பத்திரண்டு ஓடவிட்டால் கம்பிதான் முதலில் எரியும் என்றேன். கம்ப்ரஸருக்கு இவ்வளவு, வெல்டிங் செட்டுக்கு இவ்வளவு என்று பெருக்கி, கூட்டி, அட்டையில் கோடு போட்டுக் காட்டினேன். பதினைந்து நிமிடம் ஆனது. அவர் ஒரு தடவைகூடக் குறுக்கே பேசவில்லை. லோகனுக்குப் பிறகு என்னை இவ்வளவு பொறுமையாகக் கேட்டவர் இவர்தான் என்று அவருக்கு ஒரு டீ சொல்லலாமா என்றுகூட யோசித்தேன். முடித்ததும் எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, "நல்லாப் பேசுற தங்கச்சி. முப்பத்திரண்டு இருக்கா, இல்லியா?" என்றார்.

பதிமூன்று

செலாயாங் மொத்தக் காய்கறிப் பாசாரில் ஒரு வியாபாரி. அவருடைய குளிர்அறை குளிரவில்லை. லோரிகளுக்கும் முட்டைக்கோஸ் மூட்டைகளுக்கும் நடுவே நுழைந்து போனோம். இந்த முறை ஒற்றைக் கம்பியைப் பிரித்துத்தான் கவ்வினேன். கம்ப்ரஸரின் தகட்டில் ஒன்பது ஆம்பியர் என்றிருந்தது. என் மீட்டரில் பதிமூன்று. "அண்ணே, கம்ப்ரஸர் பதிமூணு இழுக்குது. இதுதான் கோளாறு" என்றேன். அவர் என் தலைக்கு மேலே வாசு அண்ணனைப் பார்த்து, "பாஸ், அந்தப் புள்ள சொல்றது இருக்கட்டும். நீங்க பாத்துச் சொல்லுங்க" என்றார். வாசு அண்ணன் மீட்டரைத் தொடக்கூட இல்லை. என் கையில் இருந்ததை எட்டிப் பார்த்து, "பதிமூணு" என்றார். "ஆ! பதிமூணா? அப்ப கம்ப்ரஸர்தான் போச்சு" என்று வியாபாரி தலையில் கைவைத்துக்கொண்டார்.

வேனில் ஏறியதும் வெடித்தேன். அதே மீட்டர், அதே எண், நான் சொன்னால் காற்று, இவர் சொன்னால் வேதமா? நான் படித்துவிட்டு வரவில்லையா? ஆம்பளைத் தொண்டைக்குத் தனி அளவுத்திருத்தம் ஏதாவது உண்டா? "நான் என் கண்ணால பாத்துச் சொல்றேன் அண்ணே, அந்தாளு நம்பமாட்டேங்கிறாரு!" நெடுஞ்சாலை எக்ஸிட் வரைக்கும் விடவில்லை. வாசு அண்ணன் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு லோகன் வழக்கு முழுக்கத் தெரியும். ஆறு வாரமாக அந்த வேனில் என் தரப்பு வாதத்தை மட்டும் கேட்டுக்கொண்டு வந்த ஒரே நீதிபதி அவர்தான். சிக்னலில் வண்டியை நிறுத்தி, "அந்த லோகனுக்கும் இப்படித்தான்லா வயிறு எரிஞ்சிருக்கும்?" என்றார்.

எப்போதும் சுடுதண்ணீர்

அது வேறு, இது வேறு என்று அவருக்கு இரண்டு நாள் விளக்கினேன். மூன்றாம் நாள் மறுபடி பிரிக்பீல்ட்ஸ், ஒரு பழைய அடுக்குமாடியின் நாலாவது மாடி. அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்து அங்கிள் ஒருவர், தனியாக இருக்கிறார். குளியலறைச் சுவிட்ச் கருகி வாடை வருகிறது என்று கூப்பிட்டிருந்தார். உள்ளே தண்ணீர் சேர்த்துவைத்துச் சூடாக்கும் பெரிய டாங்கி ஹீட்டர். அளந்தேன்: இருநூற்று நாற்பத்தொரு வோல்ட், பத்து ஆம்பியருக்குக் கொஞ்சம் மேலே. கிட்டத்தட்ட இரண்டரை ஆயிரம் வாட். ஒருவர் குளிக்க இருபது நிமிடம் முன்னால் போட்டால் போதும். "எவ்வளவு நேரம் போட்டு வைப்பீங்க அங்கிள்?" என்றேன். அணைப்பதே இல்லையாம். எட்டு மாதமாக இரவும் பகலும் போட்டபடியே இருக்கிறதாம். அவரோ பச்சைத் தண்ணீரில் குளிப்பவர்.

மகள் மெல்பர்னில். லீவு கிடைத்ததும் திடுதிப்பென்று வந்து நிற்பேன் என்று போனில் சொல்லியிருக்கிறாள். அவளுக்குக் குளிர்ந்த தண்ணீர் ஒத்துக்கொள்ளாது. நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கணக்குப் போட்டேன்: தண்ணீர் ஆறுவதும் மறுபடி சூடாவதுமாக எட்டு மாதம், கருகிய சுவிட்ச், தீப்பிடிக்கும் ஆபத்து, அவள் விமான நிலையத்திலிருந்து வீடு வந்து சேர எப்படியும் ஒரு மணி நேரம், அதற்குள் தாராளமாகச் சூடாக்கிவிடலாம். மறுக்கவே முடியாத வாதம். என் பையில் என் போன், இரண்டரை மாதமாகச் சத்தத்தைக் குறைக்காமல், நூலகத்தில்கூடக் குறைக்காமல், முழு மணியோசையில் இருந்தது என்பதை அப்போது நான் யாருக்கும் சொல்லவில்லை. அங்கிள் என் கணக்கை மூக்குக்கண்ணாடி போட்டு வரிவரியாகப் படித்தார். தலையை ஆட்டினார். புது சுவிட்சை வாசு அண்ணன் மாட்டி முடித்ததும் அங்கிள் போய், தானே அதைப் போட்டார். சிவப்பு விளக்கு எரிந்தது. "கணக்கு சரி, பிள்ளை. ஆனா அவள் எத்தினை மணிக்கு வாறாள் எண்டு சொல்லேல்லையே" என்றார்.

புஷ்பா அக்காவின் கேக்

பதினோராவது வாரம் காப்பார் போனோம். லோகன் பயிற்சி எடுக்கும் அதே காப்பார். வழியில் மில்லின் புகைபோக்கி தெரிந்தது. தெரியாதது மாதிரி உட்கார்ந்திருந்தேன். கையும் சும்மா இருக்காதே, டெஸ்ட் பாரத்தை, அளந்த எண்களை எழுதும் படிவத்தை, வேனிலேயே நிரப்ப ஆரம்பித்தேன். பெயர், முகவரி, தேதி, வோல்டேஜ். வேலையை முன்கூட்டியே முடிப்பது நல்ல பழக்கம்தானே. வாசு அண்ணன் வண்டியை நிறுத்திவிட்டு என் மடியை எட்டிப் பார்த்தார். "எஞ்சினியர், மீட்டரு இன்னும் பைக்குள்ள தூங்குது. நீ எதப் பாத்து 230ன்னு எழுதுன?" என்றார். நான் வாயைத் திறந்தேன். உள்ளே ஒரு வாதமும் இல்லை. வாழ்க்கையில் அப்படி நடந்ததே இல்லை. பைக்குள்ளிருந்து மீட்டரை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

புஷ்பா அக்கா கம்பத்தில், ஒரு கிராமத்து வீட்டின் பின்கட்டில் கேக் சுட்டு விற்பவர். ஒரு வருடமாகக் கேக் வேகவில்லை. நாற்பது நிமிடத்தில் வர வேண்டியது ஒரு மணி நேரம் ஆனாலும் நடுவில் மாவாக நிற்கிறது. இரண்டு ஆட்கள் வந்து பார்த்துவிட்டு, ஓவனும் நல்லாயிருக்கு, கரண்டும் நல்லாயிருக்கு என்று போய்விட்டார்கள். மாமியார் கூடத்திலிருந்தே எங்களுக்குத் தகவல் கொடுத்தார்: "ஓவனு மேல ஒண்ணும் இல்ல தம்பி. கை சரியில்ல." அக்காவுக்கு இது புதிதல்ல. பழகிப்போன முகம். எங்களிடம் மட்டும் மெதுவாக, "இதே ஓவன என் தங்கச்சி வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயி சுட்டுப் பாத்தேன். அங்க நல்லா வருது. சொன்னா யாரும் காதுல வாங்கல" என்றார்.

ஓவனின் பிளக் பாயிண்ட்டில் அளந்தேன். இருநூற்று முப்பத்திரண்டு. "பாத்தியா, மத்தவனுங்களும் இதப் பாத்துட்டுத்தான் போயிருப்பானுங்க" என்றார் வாசு அண்ணன். "இப்ப ஓவனப் போட்டுட்டு அள." போட்டேன். எண் சரிந்தது. இருநூற்று இருபது, பத்து, ஆறு. 206இல் நின்றது. கரண்ட் ஏழு புள்ளி எட்டு. கேக் அட்டை ஒன்றைக் கேட்டு வாங்கிக் கணக்குப் போட்டேன். ஓவனுக்குப் போக வேண்டியது இரண்டாயிரம் வாட். போவது ஆயிரத்து அறுநூறு. லோடு, அதாவது சுமை, ஏறியதும் காணாமல் போவது இருபத்தாறு வோல்ட். இருபத்தாறை ஏழு புள்ளி எட்டால் வகுத்தால் மூன்று ஓமுக்கு மேல். கம்பியில் இருக்கவே கூடாத ரெசிஸ்டன்ஸ். பெருக்கினால் இருநூறு வாட். அந்த வீட்டில் எங்கோ ஓர் இடத்தில், யாருக்கும் கேக் சுடாமல், இருநூறு வாட் சும்மா எரிந்துகொண்டிருந்தது. சீலிங் பலகையை நகர்த்தி டார்ச் அடித்தோம். ரோட்டோரத்து மீட்டரிலிருந்து வரும் மெல்லிசான கம்பியை யாரோ நடுவில் முறுக்கி, கறுப்பு டேப் சுற்றி விட்டிருந்தார்கள். டேப் உருகியிருந்தது. பக்கத்துப் பலகை தேயிலை நிறத்தில் கருகியிருந்தது. இன்னும் சில மாதம் விட்டிருந்தால் கேக் மட்டும் இல்லை, வீடே வெந்திருக்கும்.

புதுக் கம்பி இழுத்து முடிக்க மதியம் மூன்று ஆனது. பாரத்தில் 'லோடு போட்டு' என்ற கட்டத்திலிருந்த 230ஐ அடித்துவிட்டு 206 என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். மாமியார் கருகிய கம்பித் துண்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, டீ போடப் போனார். புஷ்பா அக்கா மீட்டரைக் கேட்டு வாங்கினார். இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். கண் கலங்கியிருந்தது, ஆனால் சிரித்தார். "ஒரு வருசமா நான் சொன்னத நம்புனது இந்த டப்பா ஒண்ணுதான்லா அண்ணே" என்றார்.

மூன்றாவது நகல்

திரும்பும்போது வாசு அண்ணன் ஒன்றும் கேட்காமல் மில் ரோட்டில் வண்டியைத் திருப்பினார். கேட்டுக்கு வெளியே நிறுத்தினார். வேகவைத்த செம்பனைப் பழத்தின் வாடை மூக்கை அடைத்தது. லோகனைக் கேட்டேன். காவலுக்கு நின்ற நேப்பாளி கார்ட் மலாயில், ஆள் உள்ளே வேலையில் இருக்கிறான், ஆறு மணிக்கு முன்னால் வெளியே வர முடியாது என்றார். எங்களுக்கு ஐந்துக்குள் கடைக்குத் திரும்ப வேண்டும். எழுதிக்கொடுத்துவிட்டுப் போகலாம் என்று ஒரு தாளை எடுத்தேன். 'லோகன், என்னை மன்னித்துவிடு' என்று நன்றாகத்தான் ஆரம்பித்தது. இரண்டாவது வரியில் 'ஆனால்' வந்தது. நான்காவது வரியில் 'முதலாவதாக' வந்தது. பாதிப் பக்கத்தில் நான் மறுபடியும் ஜெயித்துக்கொண்டிருந்தேன். கிழித்தேன். இரண்டாவது தாளும் அதே வழியில் போனது. எனக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியவில்லை என்பதை ஒரு மில் கேட்டில், இருபத்திரண்டு வயதில் கண்டுபிடித்தேன்.

கடைசியில் புஷ்பா அக்கா வீட்டு டெஸ்ட் பாரத்தின் மூன்றாவது நகலை, என் பயிற்சி லாக் புத்தகத்துக்கு என்று வைத்திருந்ததை எடுத்தேன். பெயர், முகவரி இருந்த மேல்பகுதியைக் கிழித்து வைத்துக்கொண்டேன். மீதியில் இருந்தது ஓர் அடித்தல், ஓர் எண், என் கையெழுத்து. 230, அதன்மேல் கோடு, 206. வேறு ஒரு வார்த்தையும் சேர்க்காமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நாலாக மடித்துக் கார்டிடம் கொடுத்து, லோகன் என்று இரண்டு முறை சொன்னேன். வேனில் ஏறியதும் வாசு அண்ணன் கியர் போட்டுக்கொண்டே, "டெஸ்ட் பாரத்துல காதல் கடுதாசி எழுதுன மொத ஆளு நீதான் எஞ்சினியர்" என்றார். காதல் எல்லாம் இல்லை அண்ணே, இது தொழில்முறைத் திருத்தம் என்றேன். "சரி சரி. அழுவாம சொல்லு, நம்புறேன்" என்றார்.

காலிக் கட்டம்

ஒன்பது நாள். காத்திருந்தவர்களுக்குத் தெரியும், ஒன்பது நாள் எவ்வளவு நீளம் என்று. வேலை நடந்தது. ஒற்றைக் கம்பியை விரலால் மெல்ல விலக்கப் பழகிவிட்டேன், அவன் செய்வது மாதிரியே. எண்ணைச் சத்தமாகச் சொல்லவும் பழகிவிட்டேன். "இருநூற்று முப்பத்தெட்டு", "நாலு புள்ளி ஆறு" என்று சொல்லிவிட்டு ஒரு நொடி நிற்பேன், எதிரில் யாரோ எழுதிக்கொள்வது மாதிரி. எதிரில் யாரும் இருக்கமாட்டார்கள். மீட்டர் பிடித்தவன் மூன்று வருடம் என்னை நம்பி எண்ணைக் கொடுத்திருக்கிறான். வாங்கிக்கொள்கிற இடத்தில் ஓர் ஆள் இருப்பதே எவ்வளவு பெரிய விஷயம் என்று பிறர் வீட்டுச் சுவர்களுக்கு முன்னால் நின்றுதான் தெரிந்துகொண்டேன். ஒவ்வொரு மாலையும் பிரிக்பீல்ட்ஸ் அங்கிளின் சிவப்பு விளக்கு நினைவுக்கு வரும். அவரிடம் அவ்வளவு கணக்கு போட்டிருக்க வேண்டாம்.

பத்தாம் நாள் மஸ்ஜித் இந்தியாவில் ஒரு துணிக்கடை. ஏணியில் நின்று, தொங்கும் சேலைகளுக்கு மேலே விளக்குகளின் கரண்டை அளந்துகொண்டிருந்தேன். போன் முழுச் சத்தத்தில் அலறியது. கடையில் சேலை பார்த்துக்கொண்டிருந்த ஆன்டிகள் எல்லோரும் நிமிர்ந்தார்கள். லோகன். ஏணியைப் பிடித்திருந்த வாசு அண்ணன் இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். என்னிடம் பதினெட்டு வாரத்துப் பதில்கள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. ஹலோ இல்லை, எப்படி இருக்கிறாய் இல்லை. பின்னால் மில் இயந்திரங்களின் இரைச்சல். பிறகு அவன், அதே உயர்த்தாத குரலில், "தாரணி, லோடு போட்டு 206, சரி. லோடு இல்லாம எவ்ளோ? அந்தக் கட்டத்தக் காலியா விட்டிருக்க" என்றான்.

இந்தப் பதினான்கு வாரத்துக்குப் பல்கலைக்கழகம் என்ன மதிப்பெண் போடப்போகிறதோ தெரியாது, ஆனால் கேட்ட கேள்விக்கு எதிர்க்கேள்வி போடாமல் 232 என்ற எண்ணை மட்டும் சொல்லிவிட்டு, அந்தப் பக்கம் பேனா எழுதி முடிக்கிற வரைக்கும் நான் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தது பிறந்ததிலிருந்து அதுதான் முதல் தடவை.